நீலப் பொட்டும் ரசம் சாதமும்

செருப்பை இங்கேயே கழற்றிவிட்டு என் பின்னாலேயே வாருங்கள். ‘உள்ளே வரக் கூடாது’ என்று எழுதி ஒட்டியிருக்கிறதே, அந்தக் கதவுதான். இன்றைக்கு ஒரு நாள் நமக்கு அனுமதி உண்டு! மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய மாடிவீடு ஒன்றில் நடக்கிற பல் சீரமைப்பு மருத்துவமனை இது. பல்லுக்குக் கம்பி போடுகிற இடம். முன்கட்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மீன் தொட்டி, வரிசையாக நாற்காலிகள், சுவரில் பல் தெரியச் சிரிக்கும் முகங்கள். எனக்கு ஆசை பின்கட்டின் மேல். மூன்று வாரம் விடாமல் கேட்டதில் டாக்டரம்மா மனமிறங்கிவிட்டார். “சனிக்கிழமை சாயங்காலம் வாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்ற நேரம், ஒரே கூத்தா இருக்கும். பிள்ளைங்க பேரு மட்டும் எழுத வேண்டாம்” என்றார்.

மணி மூன்றே முக்கால். கதவைத் தள்ளியதும் முதலில் வருவது ஈர பிளாஸ்டர் வாசனை, புதுச் சுவருக்கு வெள்ளையடித்த வீட்டில் வருமே அது. மூலையில் ஆட்டோகிளேவ் உஸ்ஸென்று மூச்சு விடுகிறது. பாட்டி வீட்டுக் குக்கரின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரம் வெந்துதான் ஒவ்வொரு இடுக்கியும் அடுத்த பிள்ளையின் வாய்க்குப் போகிறது. வெந்து முடிந்தால் உறையில் இருக்கும் கோடு நிறம் மாறும். நிறம் மாறாத உறையை இங்கே யாரும் பிரிப்பதில்லை.

சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கப் பற்கள்! பிளாஸ்டரில் வார்த்த மேல்தாடையும் கீழ்த்தாடையுமாக நூற்றுக்கணக்கான ஜோடிகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பெயரும் தேதியும். மேசைமேல் ரப்பர் வளையங்கள் அடைத்த குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். ஒன்றில் நரிப் படம், இன்னொன்றில் முயல். எந்த அளவு என்று எண்ணைச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், நரி முயலை மறக்க மாட்டார்கள் என்று செய்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் டபராவால் மூடிய நான்கு காபித் தம்ளர்கள். அவற்றுக்கும் பின்னால், பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று. அதை எடுக்கக் கை நீட்டினேன். “அது கடைசியில” என்று உதவியாளர் அக்கா சிரித்துக்கொண்டே தள்ளி வைத்துவிட்டார். பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறவர். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ‘அக்கா’ என்பதால் எனக்கும் அக்காதான்.

முதல் காட்சியே சமையலறைக் காட்சி. அக்கா ரப்பர் கிண்ணத்தில் இளஞ்சிவப்பு மாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, கிண்ணத்தின் சுவரோடு தேய்த்துத் தேய்த்துக் குழைக்கிறார். சளக், சளக், சளக். ஸ்ட்ராபெர்ரி வாசனை அறை முழுக்க. பல் அச்சு எடுக்கிற அல்ஜினேட் மாவு இது. கட்டி தட்டக் கூடாது, நேரமும் கிடையாது. நாற்காலியில் ஒன்பது வயதுச் சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள். போன தடவை குமட்டிவிட்டதாம். “படுக்க வேணாம் தங்கம், நிமிந்து உக்காரு. தலையைக் கொஞ்சம் முன்னாடி சாய்ச்சுக்கோ. மூக்கால மூச்சு விடு. இப்பக் கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டு பாப்போம். வலது... இடது... ரெண்டும் சேந்து!” தட்டு வாய்க்குள் போய்விட்டது. சிறுமியின் கவனமெல்லாம் கட்டைவிரலில். அறையில் இருந்த மூன்று பேரும் அனிச்சையாகக் கால்விரலை ஆட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிடத்தில் சளக்கென்று வெளியே வந்தது அச்சு. “அம்புட்டுத்தானா?” என்றாள் சிறுமி. அக்காவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. குமட்டாமல் அச்சு எடுத்த நிம்மதி எப்படி இருக்கும் என்பதை அந்த முகத்தில் பார்த்தேன்.

நாலேகாலுக்கு வந்தான் நம் கதாநாயகன். எட்டாம் வகுப்பு, வயது 13. இன்றைக்கு முதன்முதலாகக் கம்பி. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிற வயதைத் தாண்டிவிட்டதால், அம்மாவின் கைப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

“பல்லு வரிசையாத்தான இருக்கு, எதுக்குக் கம்பின்னு இவுக அப்பா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு டாக்டரம்மா.”

உண்மைதான், மேல்வரிசை முத்துக் கோத்த மாதிரி இருக்கிறது. ஆனால் பல்லைக் கடி என்றதும் கீழ்வரிசை காணாமல் போய்விட்டது! மேல்பல் கீழ்ப்பல்லை மூன்றில் ஒரு பங்கு மறைத்தால் சரி. இவனுக்கு முழுவதையும் மூடி, கீழ் ஈறுவரை திரை போட்டிருந்தது. டீப் பைட் என்பது இதுதான். “நீங்களே வந்து பாருங்க” என்று டாக்டரம்மா என்னை அருகே அழைத்து, வாயைத் திறக்கச் சொல்லிச் சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து விளக்கைத் திருப்பினார். மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தின் ரோஜா நிறச் சதையில், நான்கு சின்னப் பள்ளங்கள். ஈரமண்ணில் கோழி நடந்த தடம் போல. ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் கீழ்ப்பற்கள் போய்க் குத்திக் குத்திப் பதித்த தடம். சுற்றிலும் ஈறு சிவந்து வீங்கியிருந்தது. அம்மா எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பையனின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார், அவ்வளவுதான்.

அலமாரியிலிருந்து அவனுடைய பிளாஸ்டர் கீழ்த்தாடையை எடுத்து, அதன் மேல் மர ஸ்கேலை வைத்துக் காட்டினார் டாக்டரம்மா. ஸ்கேல் முன்னாலும் பின்னாலும் தொட்டது. நடுவில் தோணிபோல ஒரு பள்ளம். கீழ்வரிசையின் இந்த வளைவை 1890-இல் எழுதிவைத்தவர் ஸ்பீ என்ற ஜெர்மன் உடற்கூறு அறிஞர். அதனால் அவர் பெயராலேயே ஸ்பீ வளைவு என்கிறார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும், டீப் பைட் பிள்ளைகளுக்குக் கூடுதலாக இருக்கும். அந்தத் தோணியைப் பலகையாக்குவதில்தான் வேலையின் பெரும்பங்கு. “எவ்வளவு நாள் டாக்டர்?” “ஒன்றரை வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் வச்சுக்கோ. பத்தாவது போறப்ப ஃப்ரீ!” பையன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

இனிமேல்தான் விருந்து. உதட்டையும் கன்னத்தையும் ஒதுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினதும் அவன் முகம் குளத்து மீன் மாதிரி ஆகிவிட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அவனும் மீன் வாயோடு சிரித்தான். உலர்ந்த பல்லில் நீல ஜெல் ஒரு சொட்டு. அது அமிலம் என்றாலும் பல்லுக்கு வலிக்காது, நாக்கில் பட்டால்தான் நாரத்தங்காயாகப் புளிக்கும். அரை நிமிடத்தில் கழுவித் துடைத்தால் அந்த இடம் மட்டும் சாக்பீஸ் தேய்த்ததுபோல வெளுத்திருக்கிறது. அந்தச் சொரசொரப்பில்தான் பசை பிடிக்கும். பசையோடு, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் குட்டி பிராக்கெட்டை ஒட்டி, ஊசிமுனையால் அரைக்கால் மில்லிமீட்டர் இப்படி, கால் மில்லிமீட்டர் அப்படி என்று நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறார் டாக்டரம்மா. மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார். பிறகு நீல விளக்கு. கண் கூசாமலிருக்க ஆரஞ்சுத் தட்டியை எனக்கும் நீட்டினார்கள். அதன் வழியே பார்த்தால் அறை முழுக்கச் சாயங்கால வெயில்!

ஒவ்வொரு நான்கு பல்லுக்கும் ஒரு இடைவேளை. வாய் வலிக்குமே. வளையத்தைக் கழற்றி, உதட்டில் வாஸ்லின் தடவி, தாடையை இரண்டு விரலால் நீவிவிடுகிறார் அக்கா. இடது கையைத் தூக்கினால் எல்லாரும் நிறுத்திவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். பையன் சோதித்துப் பார்க்க ஒருமுறை சும்மா தூக்கினான். சட்டென்று எல்லாம் நின்றது. விளக்கு, உறிஞ்சு குழாய், டாக்டரம்மாவின் கை. “என்னப்பா?” “ஒண்ணுமில்ல டாக்டர்.” அதற்கப்புறம் தோள் இறங்கித் தளர்வாகச் சாய்ந்துகொண்டான். கடைசிவரை அந்தக் கையை அவன் தூக்கவே இல்லை.

கம்பி கோக்கும் முன் ஒரு மாயவித்தை. மெல்லிய கம்பி ஒன்றை ஐஸ் தண்ணீரில் முக்கி, பையனிடமே கொடுத்து “இஷ்டத்துக்கு வளை” என்றார் டாக்டரம்மா. செத்த புழுவாட்டம் வளைந்து கிடந்தது. வெந்நீர்த் தம்ளரில் போட்டதும் துள்ளி எழுந்து பழைய வில்லாக நிமிர்ந்தது! நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பி. 1960-களை ஒட்டி அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த உலோகம், பிற்பாடு பல்லுக்கு வந்தது. வாயின் சூட்டில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்லப் பல்லை இழுத்துப் போகும். “இன்னும் ஒரு தடவை, ப்ளீஸ்!” நான்கு தடவை ஆயிற்று. நான்காவது தடவை கேட்டது நான்.

இப்போது பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்த இடம். டீப் பைட்டில் ஒரு தொல்லை உண்டு. கீழ்ப்பல்லில் பிராக்கெட் ஒட்டினால் மேல்பல் வந்து நேராக அதன் மேலேயே கடிக்கும். இரண்டே நாளில் தெறித்துவிடும். அதற்காகக் கடைவாய்ப் பல் இரண்டின் மேல் நீலப் பசையால் சின்ன மேடு வைக்கிறார்கள். அக்கா அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘நீலப் பொட்டு’. பிறகு எடுக்கும்போது பல் எது, பொட்டு எது என்று தெரியத்தான் அந்த நீலம். “இப்பக் கடி” என்றார்கள். டொக். பின்னால் பொட்டு முட்டியது, முன்னால் வாய் மூடவில்லை.

“டாக்டர்! பல்லு சேர மாட்டேங்குது!”

“சேராதுடா கண்ணு. அதுக்குத்தான் வச்சிருக்கு. இந்தா கண்ணாடி, சிரி.”

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனான். மேல்வரிசைக்குக் கீழே, பல்லைக் கடித்திருக்கும்போதே, கீழ்ப்பற்கள் எட்டிப் பார்த்தன. “அம்மா, எனக்குக் கீழ்ப்பல்லு தெரியுது!” பதின்மூன்று வயதில் தன் சிரிப்பில் தன் கீழ்ப்பல்லை அவன் முதன்முதலாகப் பார்க்கிறான். அந்த அம்மாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்திருப்பார். அவர் திரும்பிக் கைகழுவப் போய்விட்டார்.

போகும் முன் அக்காவின் பாடம் ஆரம்பமாயிற்று. “ரெண்டு மூணு மணி நேரத்துல பல்லு கூச ஆரம்பிக்கும். நாளைக்குச் சாயங்காலந்தான் உச்சம். மூணு நாள் போனாப் பாதியாயிடும், ஒரு வாரத்துல மறந்துருவ. பல்லு லேசா ஆடுற மாதிரிகூட இருக்கும், பயப்படாத.” வலித்தால் பாரசிட்டமால், டாக்டரம்மா எழுதிய அளவில். வேறு சில வலி மாத்திரைகள் பல் நகர்வதையே மந்தமாக்கக்கூடும் என்பதால் வீட்டில் இருப்பதை எடுத்துப் போடக் கூடாதாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். “பொட்டு மேலதான் மெல்லணும், முதல் நாலு நாள் நாக்கும் கன்னமும் தடுமாறும். சின்னச் சின்னக் கவளமா உருட்டிச் சாப்பிடு.” என்ன சாப்பிடலாம் என்று பையன் கேட்டதற்கு வந்த பட்டியல் கேட்டு எனக்கே பசித்தது. குழைந்த பொங்கல், தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், இட்லி சாம்பாரில் முக்கி, தயிர் சாதம். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய் மூன்றுக்கும் தடை. எலும்பைக் கடிப்பதற்கும் தடை. கொய்யாவைக் கீறித் துண்டாக்கித் தின்னலாம். “கரும்பு?” என்றான். “பொங்கலுக்குக் கரும்புச் சாறு குடி.” அவன் முகம் விழுந்ததைப் பார்த்து அக்கா அவன் சட்டைப்பையில் மெழுகு டப்பா ஒன்றைப் போட்டார்.

அந்த மெழுகின் அருமை அடுத்த அரைமணியில் தெரிந்தது. நாதஸ்வரம் படிக்கிற தம்பி ஒருவர் வந்தார், வயது 17. கம்பி போட்டு ஐந்து மாதம். பதினைந்து நாளில் கச்சேரியாம். சீவாளியை உதட்டில் இறுக்கும்போதெல்லாம் உள்ளுதடு பிராக்கெட்டில் அரைபட்டு, இரண்டு வெள்ளைப் புண். டாக்டரம்மா கம்பியின் முனையைத் தடவிப் பார்த்து, வெளியே நீண்டிருந்த நுனியை டக்கென்று நறுக்கினார். அக்கா மெழுகைப் பட்டாணி அளவு கிள்ளி, விரலில் உருட்டி, பிராக்கெட்டைத் துடைத்துக் காயவைத்து அதன் மேல் அப்பினார். “ஈரத்துல ஒட்டாது தம்பி, துடைச்சிட்டு வைங்க. வாசிச்சு முடிச்சதும் எடுத்துருங்க.” “இங்கேயே ஒரு தடவை ஊதிப் பாக்கலாமாக்கா?” பையிலிருந்து சீவாளியை எடுத்தார். பீப்பீ என்று ஒரே ஒரு பிடி. முன்கட்டில் காத்திருந்த கூட்டம் முழுக்க எட்டிப் பார்த்தது. எங்கோ ஒரு பாட்டி, “கல்யாணமா உள்ள?” என்றார். அந்தச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் பிடித்தது.

ஆறு மணி. இந்த மருத்துவமனையிலேயே எனக்கு மிகப் பிடித்துப்போன இடத்துக்கு வாருங்கள். நடைபாதை ஓரத்தில் ஒரு வாஷ்பேசின், அதன் மேல் நீளக் கண்ணாடி. கண்ணாடியில் வெவ்வேறு உயரத்தில் கைரேகைகள், பற்பசைத் தெறிப்பு. இங்கே கம்பியும் இல்லை, இடுக்கியும் இல்லை. இதுதான் பிரஷ் பண்ணுகிற இடம். கம்பி போட்ட ஒவ்வொருவரும், டாக்டரம்மாவிடம் போகும் முன் இந்தக் கண்ணாடியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளுக்கும் டீப் பைட்தான். நீலப் பொட்டோடு எட்டு மாதம். “நல்லாத்தான் தேய்ச்சேன்க்கா” என்கிறாள். அக்கா மறுக்கவில்லை. ஒரு சொட்டு சிவப்புச் சாயம், நாக்கால் எல்லாப் பல்லிலும் தடவச் சொல்லி, கொப்பளிக்கச் சொன்னார். அவ்வளவுதான், சாட்சி வெளியே வந்துவிட்டது! மேல்வரிசை பளிச்சென்று வெள்ளை. கீழ்வரிசையில் ஒவ்வொரு பிராக்கெட்டைச் சுற்றியும் வெற்றிலை போட்ட மாதிரி ரோஸ் வட்டம், ஈறோரம் முழுக்க ஒரு ரோஸ் கோடு. சாயம் பிடிப்பது அழுக்குப் படிந்த இடத்தை மட்டுந்தான். இரண்டு மணி நேரத்துக்கு முன் சாப்பிட்ட ஏதோ ஒன்றின் துணுக்கு, கம்பிக்கும் பல்லுக்கும் நடுவில், பச்சையாக. கறிவேப்பிலை! அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீப் பைட்டில் கீழ்வரிசை இப்படித்தான் ஏமாற்றுமாம். மேல்பல்லுக்குப் பின்னால் மறைந்தே இருந்து பழகிய பற்கள், கண்ணாடியில் தெரியாது, பிரஷும் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதட்டவே இல்லை. கீழுதட்டை இடது கைவிரலால் இறக்கி, பிரஷைச் சாய்த்து முதலில் கம்பிக்கு மேலே, பிறகு பிரஷைப் புரட்டிக் கம்பிக்குக் கீழே ஈறோரமாக, சின்னச் சின்ன வட்டமாக. “கோலத்துல புள்ளி வைக்கிற மாதிரி, ஒவ்வொரு பல்லா. ஓட வேணாம்.” அதற்கப்புறம் குட்டிப் பிரஷ், பால் புட்டி கழுவும் பிரஷைச் சுருக்கிப் பொம்மைக்குக் கொடுத்ததுபோல. கம்பிக்கு அடியில் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. மணிக்கூட்டைப் பார்த்தேன், நான்கு நிமிடம் இருபது விநாடி. மறுபடி சாயம். இந்தத் தடவை ஒரே ஒரு பல்லில்தான் ரோஸ். “ஏய்!” என்று தானே தன்னைப் பார்த்துக் கத்தினாள்.

டாக்டரம்மா அங்கே வந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் பேசியது அன்றைக்கு அந்த ஒரு நேரந்தான். “நான் பல்லை நகத்திருவேன். அது என் வேலை. ஆனா கம்பியைக் கழட்டுற அன்னிக்கு, பிராக்கெட் இருந்த இடத்தைச் சுத்தி வெள்ளை வெள்ளையாத் தழும்பு இருந்தா எனக்கு வயிறு எரியும்.” கவனிக்காமல் விட்டால் அந்த வெள்ளைத் திட்டு ஒரே மாதத்தில்கூட ஆரம்பிக்கலாம். பல்லின் மேல்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து போகிற முதல் அடையாளம் அது. நான் அங்கே நின்றுகொண்டு நினைத்தேன். நாமெல்லாம் கம்பி போடுவதென்றால் கம்பியைப் பற்றிய விஷயம் என்று நினைக்கிறோம். ஒரு சாயங்காலம் முழுக்க இங்கே நின்று பார்த்தால், டாக்டரம்மாவின் கை பல்லில் இருக்கிற நேரத்தைவிட, அக்காவின் கை பிள்ளைகளின் கைமேல் இருக்கிற நேரந்தான் அதிகம். இரண்டு வருடச் சிகிச்சையில் நாற்காலியில் கழிவது சில மணி நேரம். மிச்சமெல்லாம் வீட்டு வாஷ்பேசினில். அதைத் தெரிந்துதான் இந்தக் கண்ணாடியை இவ்வளவு நீளமாக மாட்டியிருக்கிறார்கள்.

ஒரு பாட்டி பேரனோடு வந்து, வேப்பங்குச்சியால் துலக்கினால் ஆகாதா என்று கேட்டார். டாக்டரம்மா பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு, “உங்க பல்லு இப்பவும் எப்படி இருக்கு பாருங்கம்மா! ஆனா குச்சி கம்பிக்கு அடியில போகாதே. இவனுக்கு இந்த ரெண்டு வருஷம் மட்டும் பிரஷும் ஃப்ளோரைடு பேஸ்டும்” என்றார். பாட்டிக்குப் பரம திருப்தி. பேரனுக்கு முன்னால் தன் பல்லை ஒருமுறை காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

நடுவில் ஒரு வண்ணக் கச்சேரி. மாதம் ஒரு தடவையோ ஆறு வாரத்துக்கு ஒருமுறையோ வரும்போது பிராக்கெட்டைச் சுற்றிய குட்டி ரப்பரை மாற்றுவார்கள். பிள்ளைகளே நிறம் தேர்ந்தெடுக்கலாம். மஞ்சளும் நீலமும், பச்சையும் சிவப்பும், கால்பந்து அணி நிறம், தாத்தாவின் கட்சி நிறம்! கல்லூரிப் பெண் ஒருத்தி நிறமே தெரியாத ரப்பர்தான் வேண்டும் என்றாள். “அது வேணாம்மா” என்று நான்கு பக்கத்திலிருந்தும் குரல். காரணம் சாம்பார். மஞ்சள்தூள் பட்டால் நிறமில்லாத ரப்பர் மூன்றே நாளில் பழுத்த எலுமிச்சையாகிவிடும். மஞ்சள் இல்லாத சமையலுக்கு மதுரையில் எங்கே போவது? கடைசியில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்குச் சமாதானமானாள். நெத்திலிக் குழம்பு சாப்பிட்டு வந்த ஒருவனின் வான நீல ரப்பர்கள் இன்றைக்குக் கிளிப்பச்சையாகியிருந்தன. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்பதை இத்தனை ருசியாக யாரும் எனக்கு நிரூபித்ததில்லை.

ஏழரைக்கு ஒரு நிமிட அமைதி. டாக்டரம்மா சுவரில் முதுகைச் சாய்த்து, கழுத்தை இப்படியும் அப்படியும் ஒடித்துக்கொண்டார். கையுறையைக் கழற்றினால் விரலெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தன, துணி துவைத்த கை மாதிரி. முகக்கவசத்தின் நாடா பதிந்த கோடு இரண்டு கன்னத்திலும். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார். “சூடா குடிச்ச ஞாபகமே இல்ல” என்றார். சொல்லும்போது முகத்தில் அத்தனை சந்தோஷம்.

எட்டரைக்குக் கடைசிப் பிள்ளை போயாயிற்று. ஆட்டோகிளேவ் இன்னொருமுறை உஸ் என்றது. தரையில் சிந்திய பிளாஸ்டர் துகளை அக்கா கூட்டினார், மெழுகு டப்பாக்களை எண்ணி அடுக்கினார், கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் அந்தப் பழுப்பு அட்டை நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

உள்ளே கணக்கு எதுவுமில்லை. இடது பக்கம் பெயரும் தேதியும். வலது பக்கம், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வேறு வேறு மையில்: ‘தயிர் சாதம், ஊறுகாய் இல்லாம’. ‘பால் விட்ட பிரெட்டு’. ‘ஒண்ணும் சாப்பிடல, அழுதான், மறுநாள் இட்லி மூணு’. ‘பாட்டி குழைச்ச பருப்பு சோறு’. ‘புரோட்டா!! திட்டினேன்’. கம்பி போட்ட முதல் ராத்திரி ஒவ்வொரு பிள்ளையும் என்ன சாப்பிட்டது என்று, டாக்டரம்மாவே போன் போட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கும் நோட்டு. வருடக்கணக்கான பக்கங்கள். மறுநாள் வலி எப்படி இருக்கும், யாருக்கு மறுபடி பேச வேண்டும் என்பதெல்லாம் இதைப் பார்த்தாலே தெரிந்துவிடுமாம்.

மணி ஒன்பது. போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். எட்டாம் வகுப்புப் பையன்தான் எடுத்தான்.

“என்னடா கண்ணு, கூசுதா?”

“கொஞ்சமா டாக்டர். பொட்டு மேல மெல்ல வரல. அப்படியே முழுங்கிட்டேன்.”

“எதை முழுங்கின?”

“ரசம் சாதம். ரெண்டு தட்டு.”

பின்னால் ஒரு ஆண்குரல், அப்பாவாக இருக்க வேண்டும்: “கண்ணாடி முன்னாடியே நிக்கிறான் டாக்டரம்மா. கீழ்ப்பல்லையே பாத்துக்கிட்டு இருக்கான்.”

“பிரஷ் பண்ணிட்டியாடா?”

ஒரு நொடி சத்தமில்லை. பிறகு தடதடவென்று ஓடுகிற காலடி, குழாய் திறக்கிற சத்தம். டாக்டரம்மா பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். “கம்பி போட்டவங்க மட்டும் இப்படிக் கடிக்கக் கூடாது” என்று அக்கா சொல்ல, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போனில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே எழுதினார்: ‘ரசம் சாதம், 2’.